பெரியவர்கள் புறப்பட்டுப் போன பிறகு

ஜூடியைக் கொல்வது ஒரு செத்த மரம். எதல் டர்னர் 1894இல் எழுதிய ‘செவன் லிட்டில் ஆஸ்திரேலியன்ஸ்’ நாவலின் கடைசிப் பகுதியில், சிட்னியை அடுத்த ஆற்றங்கரை வீட்டிலிருந்து ஏழு பிள்ளைகளும் சித்தியின் பிறந்தகத்துப் பண்ணைக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். ஒருநாள் சாப்பாடு கட்டிக்கொண்டு காட்டுக்குள் செல்கிறார்கள். அங்கே ஒரு பெரிய மரம் சாய்கிறது. அது விழப்போகும் இடத்தில் நடை பழகும் தம்பி நிற்கிறான். பதின்மூன்று வயது ஜூடி ஓடிப்போய் அவன்மேல் கவிழ்ந்துகொள்கிறாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முதுகெலும்பு முறிகிறது. பொழுது சாயும்போது உயிர் போகிறது.

நூறு வருடங்களுக்கு மேலாக ஆஸ்திரேலியச் சிறுமிகள் அழுதுகொண்டே படித்த அத்தியாயம் இது. எனக்கு அழுகையைவிட அந்த மரத்தின்மேல்தான் கவனம் போயிற்று. அது தானாகப் பட்டுப்போன மரம் அல்ல. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாகச் செதுக்கி எடுத்துவிட்டால், இலைகள் சமைக்கும் உணவு வேருக்கு இறங்காது. மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். நிழல் ஒழிந்த இடத்தில் புல் வரும். புல் வந்தால் ஆடுமாடு மேயும். குடியேறிகள் லட்சக்கணக்கான ஏக்கர் தைலமரக் காட்டை மேய்ச்சல் நிலமாக்கியது பெரும்பாலும் இந்த வழியில்தான். கோடாரிக்காரனுக்கு ஒரு மரத்துக்குச் சில நிமிட வேலை. பிறகு அந்த மரம் வெளிறிய எலும்புக்கூடாகப் பல வருடம் நின்றுகொண்டிருக்கும், ஏதாவது ஒரு காற்று வரும்வரை. டர்னர் இதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பண்ணைக்காரர்கள் என்றோ கொன்ற மரம், அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளையைக் கொல்கிறது. நாவலில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதே காட்டுப் பயணத்தில், மரம் விழுவதற்குச் சற்று முன், பண்ணையின் பண்டகசாலைக்காரர் கில்லெட் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்கிறார். பண்ணையில் வேலைபார்க்கும் பூர்வகுடிக் கிழவர் டெட்டவொங்காவிடம் அவர் கேட்ட கதை. குக்கபரா என்ற பறவை பற்றியது. கதையைத் தொடங்கும்போதே, வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இந்த நாடு எவ்வளவு அழகாக இருந்தது, டெட்டவொங்காவின் முன்னோர்களுக்கு என்ன கேடு வரக் காத்திருந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். முதல் பதிப்பில் இருந்த இந்தப் பகுதி பின்வந்த பதிப்புகளில் வெட்டப்பட்டது. 1994இல் நூற்றாண்டுப் பதிப்பு வந்தபோதுதான் திரும்பச் சேர்த்தார்கள். ஆக, இடையில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் மரம் விழுவதைப் படித்தார்கள். மரம் விழுவதற்கு முன் சொல்லப்பட்டதைப் படிக்கவில்லை. தெரிந்து செய்தார்களா, பக்கத்தைக் குறைக்கச் செய்தார்களா என்பது இருக்கட்டும். அந்தக் கத்தரிக்கோலால் நாவலின் பொருளே மாறிவிட்டது. மூலத்தில் அது ஏறக்குறைய ஒரு பழிக்கதை. வெட்டிய பிறகு வெறும் விபத்து.

வளர்ந்த பிள்ளைகளுக்காக ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்ட நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த வரிசை என் கண்ணில் படுகிறது. முதலில் பெரியவர்கள் எங்கோ போய்விடுகிறார்கள். அந்த மண்ணுக்கு முன்பே உரியவர்களின் குரலோ சுவடோ ஒன்று ஓரமாகக் கடந்து போகிறது. பிறகு நிலம் எழுந்து அடிக்கிறது. அடி விழுவது பிள்ளைகள்மேல்.

பெரியவர்களை அப்புறப்படுத்துவது சிறார் இலக்கியத்தின் பழைய உத்திதான். எனிட் பிளைட்டனைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே பெற்றோர் இல்லாதது ஒரு சலுகை. கள்ளக்கடத்தல்காரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தால் தேநீரும் கேக்கும் மேசையில் இருக்கும். ஆஸ்திரேலியப் பிள்ளைக்கு அந்த மேசை உறுதியில்லை. இதற்கு ஒரு வரலாற்றுப் பின்புலம் உண்டு. குடியேறிகளின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயங்களில் முதலிடம் காட்டில் தொலையும் குழந்தைக்குத்தான். ஓவியர் ஃபிரெடரிக் மெக்கபின் 1886இல் ‘லாஸ்ட்’ என்று தலைப்பிட்டுத் தீட்டியது, மெலிந்த மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு சிறுமியை. அதற்கும் முன், 1864இல், விக்டோரியாவின் விம்மெரா பகுதியில் டஃப் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் துடைப்பம் கட்டச் செடி பறிக்கப் போய் வழி தவறினார்கள். ஒன்பது நாள் கழித்து அவர்களை உயிரோடு கண்டுபிடித்தவர்கள் தடம் பார்க்கத் தெரிந்த பூர்வகுடி ஆட்கள். அவர்களில் ஒருவர் டிக்-எ-டிக். நான்கு வருடம் கழித்து, 1868இல், இங்கிலாந்துக்கு ஆடப்போன பூர்வகுடிக் கிரிக்கெட் அணியில் இருந்த அதே ஆள். ஆனால் பள்ளிப் பாடப் புத்தகங்களில் நிலைத்தவள், தன் கவுனைக் கழற்றித் தம்பிக்குப் போர்த்திய ஏழு வயது ஜேன். அவள் தகுதியானவள்தான். என்றாலும், காட்டைப் படிக்கத் தெரிந்தவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, படிக்கத் தெரியாமல் தொலைந்தவர்களை நடுவில் வைக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டே பெரிய காரியம் செய்தவர் ஐவன் சவுத்தால். இரண்டாம் உலகப் போரில் சண்டர்லேண்ட் கடல்விமானம் ஓட்டியவர், பதக்கம் வாங்கியவர். போர் முடிந்து வந்து சைமன் பிளாக் என்ற விமானப்படை வீரனை வைத்துச் சாகசத் தொடர் ஒன்றை 1950களில் எழுதித் தள்ளினார். எதற்கும் அஞ்சாத, எதிலும் தோற்காத ஆள் இந்தப் பிளாக். பிறகு திடீரென்று அவனைக் கைவிட்டுவிட்டு, 1962இல் ‘ஹில்ஸ் எண்ட்’ எழுதினார். மரம் அறுக்கும் மலையூர் ஒன்றில் ஊரே திருவிழாவுக்குப் போய்விடுகிறது. சில பிள்ளைகள் மட்டும் ஆசிரியையோடு குகைக்குப் போகிறார்கள். அங்கே பூர்வகுடிகளின் ஓவியங்கள் இருப்பதாக ஒரு பையன் சொல்லியிருக்கிறான். அந்த நேரத்தில் புயல் வந்து ஊரை நாசமாக்குகிறது. இங்கும் அதே வரிசை என்பதைக் கவனியுங்கள். சவுத்தால் திட்டமிட்டு வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டமிடாமல் வந்து விழுந்திருந்தால் அது இன்னும் சுவாரசியம்.

1965இல் வந்த ‘ஆஷ் ரோடு’தான் அவருடைய உச்சம் என்பது என் எண்ணம். ‘ஜாஷ்’ நாவலுக்காக 1971க்கான கார்னகி பதக்கம் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் ஆஸ்திரேலியர் அவர்தான். இருந்தாலும் என் ஓட்டு ‘ஆஷ் ரோடு’க்கே. கிரேயம், ஹாரி, வாலஸ் என்று மூன்று பையன்கள். பெரியவர்கள் துணையில்லாமல் முதல் தடவையாகக் கூடாரம் போட்டுத் தங்க வந்திருக்கிறார்கள். கோடைக்கால விக்டோரியா, பாலைவனத்துப் பக்கமிருந்து அடிக்கும் வடகாற்று. ராத்திரியில் தூக்கம் வராமல் காபி போடலாம் என்று ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். கிரேயமின் கை பட்டு ஸ்பிரிட் புட்டி சரிகிறது. உலர்ந்த சருகில் நீலச் சுவாலை ஓடுவது முதலில் கண்ணுக்கே தெரிவதில்லை. மிதித்து அணைக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை, ஓடுகிறார்கள். நாவலின் மிச்சம் முழுவதும் அந்த ஓட்டம்தான்.

தைலமரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது. நீலகிரி போனவர்கள் அந்த வாசனையை அறிவார்கள், நம் மலைக்கு அந்த மரம் வந்ததே ஆஸ்திரேலியாவிலிருந்துதான். அந்த எண்ணெய் கோடை வெக்கையில் ஆவியாகிக் காற்றில் நிற்கும். நெருப்பு மரத்தின் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவும். எரியும் பட்டைச் சுருள்கள் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து போய், நெருப்பே இல்லாத இடத்தில் புது நெருப்பை மூட்டும். 1939 ஜனவரி 13ஆம் தேதி, கறுப்பு வெள்ளி என்று விக்டோரியர்கள் சொல்லும் நாளில், 71 பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி ஸ்ட்ரெட்டன், தீயை மூட்டியது மனிதக் கைகளே என்று அறிக்கையில் எழுதிவிட்டார். சவுத்தாலின் நாவல் அந்த ஒற்றைத் தீர்ப்பின் கீழ் வருகிறது. கை யாருடையது? மூன்று நல்ல பையன்களுடையது. யாருக்கும் தீங்கு நினைக்காத, வீட்டில் சொன்னபடி கேட்கும் பையன்கள்.

ஆஷ் ரோட்டில் வாழும் பெரியவர்கள், தீ வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்து அணைக்கப் போய்விடுகிறார்கள். அது திரும்பி இங்கே வருகிறது. எஞ்சியிருப்பவர்கள் கிழவர்களும் பிள்ளைகளும். லோர்னா என்ற பெண்ணின் அப்பா வயலில் சுருண்டு விழுகிறார். உதவிக்கு ஆள் கிடைக்காமல் அவள் தவிக்கும்போது வந்து சேர்கிறவர்கள் அந்த மூன்று பையன்களேதான். டானர் தாத்தா என்றொரு முதியவர் தன் பொறுப்பில் விடப்பட்ட சின்னக் குழந்தைகளைக் கிணற்றுக்குள் இறக்குகிறார். நெருப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் பூமிக்குள் இறக்குவதா! அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, இது சிறுவர் நூல் என்ற ஞாபகமே வராது. காப்பாற்றுகிறாரா, புதைக்கிறாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. சவுத்தால் எந்தச் சலுகையும் தருவதில்லை. அந்தப் பையன்களுக்குக் கிடைக்கும் தண்டனை என்ன என்பதுவரை நாவல் போவதுமில்லை. தாங்கள் செய்ததைத் தெரிந்துகொண்டு அவர்கள் நிற்பதோடு விட்டுவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து எழுதிய ‘டு த வைல்ட் ஸ்கை’யில் விமானி நடுவானில் மாரடைப்பில் சாக, பிள்ளைகளே விமானத்தை இறக்குகிறார்கள், இறங்கிய இடத்தில் பிழைத்தார்களா என்பதைச் சொல்லாமலே முடித்தார். வாசகர்கள் கோபப்பட்டிருப்பார்கள். நானும் கோபப்பட்டேன்.

பட்ரீஷியா ரைட்சன் வேறு வழியில் போனார். ஓரமாகக் கடந்துபோன அந்தச் சுவட்டையே நடுவுக்குக் கொண்டுவந்தார். 1973இல் வந்த ‘த நார்கன் அண்ட் த ஸ்டார்ஸ்’ நாவலில், பெற்றோரை இழந்த சைமன் மலைப் பண்ணைக்கு வருகிறான். அங்கே கல்லாலான ஒரு பழைய ஜீவன் மண்ணை உருட்டிக்கொண்டு நகர்ந்து வருகிறது. நார்கன் கிழக்கு விக்டோரியாவின் குனாய் மக்களின் நம்பிக்கைக்கு உரியது. சதுப்பில் ஒரு குறும்புப் பூதம், மரங்களில் இன்னும் சில. நிலத்தைப் பிளக்கும் இயந்திரங்கள் அவற்றுக்குப் பகை. ரைட்சனுக்கு 1986இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. பிற்காலத்தில் அவர்மேல் வைக்கப்பட்ட கேள்வி நியாயமானது: பூர்வகுடிகளின் தெய்வங்களை எடுத்துக் கதை பண்ணும் உரிமை யார் கொடுத்தது? பூதங்கள் வந்துவிட்டன, அவற்றை அறிந்த மனிதர்கள் அந்தப் பண்ணையில் எங்கே? மொழியில் அவர் செய்தது அபாரம் என்பதையும், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி ஜான் மார்ஸ்டன். ‘டுமாரோ, வென் த வார் பிகேன்’ 1993இல் வந்தது. தொடர் 1999வரை ஏழு நாவல்களாக நீண்டது. ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்தில் பள்ளியில் படித்தவர்களிடம் எல்லி, ஹோமர், லீ என்று பெயர் சொன்னால் போதும். விர்ராவி என்ற கற்பனையான ஊரின் பிள்ளைகள் மலைக்கப்பாலுள்ள ஹெல் என்ற பள்ளத்தாக்கில் முகாமிடுகிறார்கள். திரும்பி வந்தால் வீடுகளில் ஆளில்லை. மின்சாரம் இல்லை. எல்லி வீட்டு நாய்கள் செத்துக் கிடக்கின்றன. மார்ஸ்டனின் கைவண்ணம் இந்த மௌனமான பகுதியில்தான். பின்னால் வரும் வெடிகுண்டுகளை வேறு யாரும் எழுதிவிடலாம். அந்நியப் படை ஒன்று நாட்டைப் பிடித்துவிட்டது, ஊர்மக்கள் கண்காட்சித் திடலில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். படை எந்த நாட்டுடையது என்று அவர் சொல்வதேயில்லை.

சொல்லாமல் விட்டதால் தப்பித்துவிட்டாரா? மக்கள்தொகை மிகுந்த நாடு, இடம் போதாமல் காலியான நிலத்தைத் தேடி வந்தவர்கள் என்றெல்லாம் பேச்சு வரும்போது ஆஸ்திரேலிய வாசகன் மனத்தில் எந்தத் திசை தோன்றும் என்பது தெரிந்ததே. ஆசியாவிலிருந்து கூட்டம் வந்து இறங்கும் என்ற பயத்தை அந்த நாடு 1901இன் குடியேற்றச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது. ஆசியப் பின்னணி கொண்ட லீயைக் குழுவில் ஒருவனாக வைத்து மார்ஸ்டன் சமன் செய்யப் பார்க்கிறார். அதைவிட முக்கியமானது ராபின் என்ற பெண் எழுப்பும் பேச்சு: இவ்வளவு நிலத்தை நாம் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது நியாயமா என்பது போன்ற கேள்விகள் அவளிடமிருந்து வருகின்றன. போருக்கு நடுவே பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைப் பேசுகிறார்கள் என்பதே அந்த நாவலுக்குப் பெருமை.

ஆனால் காலத்தைப் பாருங்கள். 1992 ஜூனில் மேபோ வழக்கில் உயர் நீதிமன்றம், ஆங்கிலேயர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற கோட்பாட்டைத் தூக்கியெறிந்தது. அடுத்த வருடமே, நிலத்தைப் பறிகொடுத்த வெள்ளைப் பண்ணைக்காரர் மகளின் கதை நாட்டையே கட்டிப்போடுகிறது. படை வந்து இறங்கும் நாளோ, நாடு தன்னைத்தானே கொண்டாடும் விடுமுறை நாள். 1788 ஜனவரி 26ஆம் தேதி சிட்னி துறையில் வந்து இறங்கியவர்களைக் கொண்டாடும் நிஜ விடுமுறையை நினைக்காமல் அதைப் படிக்க என்னால் முடியவில்லை. ஹெல் பள்ளத்தாக்கில் முன்பு வாழ்ந்தது யார் என்று இந்தப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பது, ஊரை விட்டு ஒதுங்கி வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரனின் குடிசையைத்தான். அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான வருடங்களைப் பற்றி அந்தப் பள்ளத்தாக்கு வாய் திறப்பதில்லை. மார்ஸ்டனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். தொடரின் நடுவில், 1998இல், ஷான் டானின் ஓவியங்களோடு ‘த ராபிட்ஸ்’ என்ற படப்புத்தகம் எழுதினார். முயல்கள் கப்பலில் வந்து இறங்கி நாட்டை எடுத்துக்கொள்ளும் கதை, சொல்வது எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். நாவல் தொடரையும் இந்தப் படப்புத்தகத்தையும் சேர்த்து வைத்தால்தான் அவர் முழுமையாகிறார்.

மெலினா மார்செட்டாவின் ‘லுக்கிங் ஃபார் அலிபிராண்டி’யும் மேபோ வருடத்தில், 1992இல், வந்ததுதான். இங்கே பெரியவர்கள் எங்கும் போவதில்லை. போனால் தேவலை என்றிருக்கிறது ஜோசிக்கு. அம்மா, பாட்டி, பாட்டியின் தோழிகள், தெருவில் யாரோடு நடந்தாள் என்று வேவுபார்த்துத் தொலைபேசியில் சொல்லும் இத்தாலியக் கூட்டம். தக்காளி வேகவைத்துப் புட்டியில் அடைக்கும் நாளில் குடும்பமே கூடி நிற்கும்போது அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்கிறது. தமிழ் வாசகர் இந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சகஜமாக நுழைந்துவிடலாம். காட்டில் தொலையும் வசதி இத்தாலியக் குடியேறி வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது. அவள் தொலைவதெல்லாம் சிட்னியின் கத்தோலிக்கப் பள்ளியிலும் குடும்ப ரகசியங்களிலும்தான். ஆஸ்திரேலிய இளையோர் நாவலிலிருந்து தைலமரத்தை அப்புறப்படுத்தி வீட்டுக் கூடத்தைக் கொண்டுவந்த புத்தகம் என்று இதைச் சொல்வேன். நான் சொல்லிவரும் வரிசைக்கு இது அடங்காது. அடங்காததால்தான் பிடித்திருக்கிறது.

ஃபிலிப் க்வின்னின் ‘டெட்லி, அன்னா?’ 1998இல் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியக் கடற்கரைச் சிற்றூரின் கால்பந்து அணி, அதன் சிறந்த ஆட்டக்காரனான பூர்வகுடிப் பையன் டம்பி ரெட், அவனுக்குச் சிநேகிதனாகும் பதினான்கு வயது பிளாக்கி. டம்பி சுட்டுக் கொல்லப்படுகிறான். பிளாக்கி ஊர்க்கட்டை மீறி அவன் இறுதிச் சடங்குக்குப் போகிறான். பிறகு படகுத்துறைக் கொட்டகையில் பூர்வகுடிகளைத் திட்டி எழுதியிருக்கும், ஊரில் எல்லோரும் தினமும் பார்த்தும் பார்க்காமல் போகும் கிறுக்கலை, தம்பி தங்கைகளோடு போய் பெயிண்ட் பூசி மறைக்கிறான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. நாவலும் அதற்குமேல் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை. எனினும் செத்தவன் டம்பி, பாடம் படிப்பவன் பிளாக்கி என்ற அமைப்பு உறுத்தாமல் இல்லை.

அந்த அமைப்பைத் தலைகீழாக்கியவர்கள் ஆம்பலின் க்வாய்முல்லினாவும் அவர் தம்பி எசக்கியேலும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரப் பூர்வகுடியினர். 2018இல் வந்த அவர்களுடைய ‘கேட்சிங் டெல்லர் க்ரோ’வில் கதை சொல்லும் பெத் முதல் பக்கத்திலேயே செத்துவிட்டவள். அம்மா வழியில் பூர்வகுடி. போலீஸ்காரரான வெள்ளைக்கார அப்பா ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். பிள்ளைகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்த வழக்கை விசாரிக்க அப்பா ஒரு சிற்றூருக்கு வருகிறார், மகளும் கூடவே வருகிறாள். சாட்சியாகக் கிடைக்கும் இசபெல் என்ற பெண் உரைநடையில் பேசுவதில்லை. கவிதையில், தன் பாட்டிமார் வழிவந்த கதைகளைச் சேர்த்துத்தான் பேசுகிறாள். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்தெடுத்த வரலாறு 1997இல் வெளியான விசாரணை அறிக்கையால் நாட்டுக்கே தெரிந்த விஷயம். காப்பகம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன கனம் என்பதை நாவல் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. டெட்டவொங்காவின் கதையை கில்லெட் சொல்ல வேண்டியிருந்தது, அதையும் வெட்டினார்கள். இசபெலின் கதையை அவளே சொல்கிறாள், குறுக்கிடாமல் உட்கார்ந்து கேட்பது போலீஸ்காரரின் வேலை.

இதில் பெரியவர் திரும்பி வந்துவிட்டார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சவுத்தாலின் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அப்பா இவர். மகள் பக்கத்திலேயே இருக்கிறார், அன்பாக இருக்கிறார். ஆனால் அழுது இடிந்து போயிருப்பவர் அவர்தான். செத்த பெண்தான் அவரை எழுப்பி உட்காரவைத்து, சாப்பிடச் சொல்லி, வழக்கில் அடுத்து யாரை விசாரிக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறாள். அவர் தேறும்வரை மேலுலகத்துக்குப் போவதையும் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறாள்.